வனவாசம் பூண்ட அறிஞர் வெரியர் எல்வின்

பிறந்த மண்ணை விட்டு வேற்று மண்ணில் குடியேறி வாழ்வது தமிழருக்குப் புதிதன்று. நாம் வாழும் இத்தொம்மலூரிலேயே, சொக்கநாத சுவாமி கோயில் என வழங்கும் பெருமாள் கோயிலின் கற்களில் பழந்தமிழ் எழுத்துகளை இன்றும் காணலாம். நமக்கு நெடுநாள் முன்னரே நம்மவர் இங்கு வந்து வாழ்ந்து, வழிபட்டு, தம் மொழியைக் கல்லில் பொறித்துச் சென்றிருக்கின்றனர். வேற்று மண்ணுக்குச் செல்வோருள் பிழைப்பை நாடிச் செல்வோர் பலர்; வாணிகத்தை நாடிச் செல்வோர் சிலர்; ஆட்சி செலுத்தவும் சமயம் பரப்பவும் செல்வோர் வேறு சிலர். சமயத் தொண்டுக்கென்று கடல் கடந்து வந்து, சமயப் பட்டத்தைத் துறந்து, காட்டு மக்களிடையே மருந்துப் பெட்டியோடு அமர்ந்து, கொலை வழக்கேடுகளைப் படித்து அறிவுலகுக்கு அரியதொரு நூலைத் தந்த ஆங்கிலேயர் ஒருவர் உண்டு. வெரியர் எல்வின் என்பது அவர் பெயர். குற்ற ஆராய்ச்சி, மக்கள் நலம், சமயம் ஆகிய மூன்றும் அவர் வாழ்வில் ஒன்றோடொன்று பின்னிப் பிணைந்திருந்தன. அப்பிணைப்பே அவர் வரலாற்றில் நாம் அறிந்துகொள்ள வேண்டியது.

எல்வின் 1902 ஆகஸ்டு 29-இல் இங்கிலாந்தின் டோவர் நகரிற் பிறந்தார். தந்தையார் மேற்கு ஆப்பிரிக்காவிலுள்ள சியரா லியோனில் பேராயராக இருந்தவர். 1909-இல் மஞ்சள் காய்ச்சல் அவரைக் கொண்டுபோயிற்று. அப்போது பிள்ளைக்கு வயது ஏழுதான். சமயத் தொண்டுக்குச் சென்ற தந்தையை வெப்பநாட்டு நோய் விழுங்கிய செய்தி அவ்வீட்டில் எத்துணை ஆழமாகப் பதிந்திருக்கும் என்று நாம் ஊகித்துக்கொள்ளலாம். அன்னையார் உறுதியான பக்தி மிக்கவர். மகனும் ஆக்ஸ்போர்டுப் பல்கலைக்கழகத்தின் மெர்ட்டன் கல்லூரியில் பயின்று, ஆங்கில இலக்கியத்திலும் இறையியலிலும் முதல் வகுப்பில் தேறினார். 1926-இல், இருபத்து நான்காம் வயதில், அங்குள்ள விக்ளிப் ஹால் என்னும் இறையியற் கல்லூரியின் துணை முதல்வரானார். அவ்வழியே சென்றிருந்தால் முதுமையில் பேராயராகவோ கல்லூரித் தலைவராகவோ அமைதியாக இருந்து மறைந்திருப்பார்.

ஆனால் அவர் உள்ளத்தை ஓர் எண்ணம் அரித்தது. அவர் குடும்பத்தாரிற் பலர் இந்திய நாட்டில் பதவி வகித்துப் பயன் பெற்றவர்கள். அக்குடும்பத்தில் ஒருவனாவது எடுத்துக்கொள்ளப் போகாமல் கொடுக்கப் போக வேண்டும் என்று அவர் கருதினார். 1927-இன் இறுதியில் புனா நகரிலிருந்த கிறிஸ்த சேவா சங்கம் என்னும் அமைப்பில் சேர இந்தியா வந்தார். கதர் உடுத்து, தரையில் அமர்ந்து உண்டு, இந்திய முறையில் வாழ முயன்ற கிறிஸ்தவத் துறவியர் அச்சங்கத்தார். 1928-இன் தொடக்கத்தில் சபர்மதி ஆசிரமத்தில் காந்தியடிகளைக் கண்டார், கண்டவுடன் ஆட்பட்டார். 1932 ஜனவரி 4-ஆம் நாள் விடியுமுன் பம்பாய் மணிபவனில் அடிகள் கைதானபோது, அவ்வீட்டு மாடியில் தங்கியிருந்தவர்களுள் எல்வினும் ஒருவர். வெள்ளைத் தோலும் கதர்த் துணியுமாய் நின்ற இம்மனிதரை அரசாங்கம் ஐயக்கண்ணோடு பார்த்ததில் வியப்பில்லை. அவ்வாண்டு இங்கிலாந்துக்குச் சென்றவர் திரும்பி வர விரும்பியபோது, அரசியலில் ஈடுபடுவதில்லை என்று உறுதி கூறிய பின்னரே அனுமதி கிடைத்தது.

ஜம்னாலால் பஜாஜின் யோசனைப்படி, கோண்டு மக்களிடையே பணியாற்றுவதென்று 1932 ஜனவரியிலேயே அவர் முடிவு செய்திருந்தார். நர்மதை நதி தோன்றும் அமரகண்டகத்துக்கு யாத்திரிகர் செல்லும் வழியில், மைக்கல் மலைத்தொடரில் உள்ள சிற்றூர் கரஞ்சியா. அன்று மண்ட்லா மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. இன்று மத்தியப் பிரதேசத்தின் டிண்டோரி மாவட்டத்தில் உள்ளது. சங்கத் தோழரான ஷாம்ராவ் ஹிவாலே என்னும் மராட்டிய அன்பரும் எல்வினும் அங்கே மண்குடிசை கட்டினர். ஒரு மருந்தகமும் ஒரு பள்ளியும் தொடங்கினர். ஊரார் எல்வினைப் பெரியண்ணன் என்றும் ஹிவாலேயைச் சின்னண்ணன் என்றும் அழைக்கலாயினர்.

ஆங்கே அவர்களுக்கு வாய்த்த முதல் ஆசிரியர் நோயே எனலாம். மலைக்காய்ச்சல், சொறிசிரங்கு, மேகநோய், தொழுநோய் என்று நாளும் ஒரு கூட்டம் வாசலில் நிற்கும். பின்னாளில் தொழுநோயாளர்க்கென்று ஒரு தனிக் குடியிருப்பையும் அவர்கள் அமைத்தனர். இன்று மாத்திரைகளால் முழுதும் தீர்க்கத்தக்கதாகிவிட்ட அந்நோய்க்கு அக்காலத்தில் நீரடிமுத்து எண்ணெயை விட்டால் வேறு சொல்லத்தக்க மருந்து இல்லை. சல்போன் மருந்துகள் வழக்கத்துக்கு வந்தது 1940-களிலேதான். ஆகவே பலரைக் குணப்படுத்துதல் இயலாத காரியம். உணவளித்து, புண்ணைக் கழுவி, மனிதராக மதித்து உடனிருத்தலே பெரும்பகுதி வைத்தியம். எல்வினையும் மலைக்காய்ச்சல் பலமுறை படுக்கையில் வீழ்த்தியது.

மருந்தகத்தில் அமர்ந்திருந்தபோதே அவர் ஓர் உண்மையைக் கண்டார். கொய்னா மருந்தை வாங்கிச் செல்லும் கோண்டு, அன்று மாலையே குனியா எனப்படும் மந்திரவாதியிடமும் செல்வான். காய்ச்சல் ஏன் வந்தது என்பதற்கு அவனிடம் ஒரு விடை உண்டு: குலதெய்வத்துக்குச் செய்ய வேண்டியது தவறியிருக்கும், அல்லது பொறாமை கொண்ட யாரோ ஏவியிருப்பார். மருந்து உடம்புக்கு, அவ்விடை உள்ளத்துக்கு. நம் பாட்டிமார் மருந்தும் கொடுத்து, மாரியம்மனுக்கு மஞ்சள் துணியில் காசும் முடிந்து வைத்ததை நினைத்துக்கொண்டால் இஃது எளிதில் விளங்கும். இவ்வழக்கத்தை மூடத்தனம் என்று தள்ளிவிட்டு மருந்து மட்டும் கொடுத்துக்கொண்டிருப்பவன் நோயாளியைப் பாதியளவே அறிந்தவன் என்று எல்வின் உணர்ந்தார். பணியாளராக வந்தவர் ஆராய்ச்சியாளராக மாறிய இடம் இதுவே.

அதற்குள் திருச்சபையோடு அவருக்கிருந்த உறவு கசந்துவிட்டது. மதம் மாற்றாத மிஷனரியை எவ்வாறு ஏற்பது என்பது நாகபுரிப் பேராயரின் கேள்வி. இம்மக்களுக்கென்று ஒரு சமயம் இருக்கும்போது அதன்மேல் மற்றொன்றை ஏன் சுமத்த வேண்டும் என்பது எல்வினின் கேள்வி. 1935-இல் அவர் திருச்சபையிலிருந்து விலகினார். இளமை முதல் தாயும் கல்லூரியும் ஊட்டிய நம்பிக்கையைப் பெயர்த்தெடுத்தல் தன் பல்லைத் தானே பிடுங்குவது போன்றது. அவ்வலியை அவர் ஊரறியக் காட்டிக்கொள்ளவில்லை.

1939-இல் பைகா மக்களைப் பற்றிய அவருடைய பெருநூல் வெளியாயிற்று. பைகாக்கள் காட்டில் ஒரு பகுதியை வெட்டி, உலர்ந்தபின் எரித்து, அச்சாம்பலில் விதை தூவி விளைவிப்பவர்கள். இம்முறையைப் பேவார் என்பர். நம் குறிஞ்சி நிலத்துத் தினைப்புனமும் இவ்வகையினதே. கலப்பையால் நிலத்தைக் கிழிப்பது பூமித்தாயின் மார்பைக் கிழிப்பதற்கு ஒப்பாகும் என்பது பைகாவின் சமயக் கொள்கை. அரசாங்கத்தின் காட்டிலாகாவோ மரங்களைக் காக்கப் பேவாரைத் தடை செய்தது; 1890-இல் பைகா சக் என்று ஒரு பகுதியை வரையறுத்து, அங்கே மட்டும் அதை அனுமதித்தது. விளைவு என்ன? நேற்று வரை தெய்வ ஆணைப்படி நடந்தவன் இன்று சட்டத்தின் முன் குற்றவாளி! வீட்டில் இலுப்பைப் பூவிலிருந்து சாராயம் வடித்துத் தெய்வத்துக்குப் படைத்தவனும் கலால் சட்டத்தின்படி குற்றவாளி. ஒருவன் மாறாமலே இருக்க, அவனைச் சுற்றியுள்ள சட்டம் மாறி அவனைக் குற்றவாளியாக்கக்கூடும் என்பதை எல்வின் விரிவாக எடுத்துக் காட்டினார்.

தமிழ்நாட்டவராகிய நமக்கு இது தொலைதூரத்துக் கதையன்று. 1871-இல் இயற்றப்பெற்ற குற்றப் பரம்பரைச் சட்டம் 1911-க்குப் பின் சென்னை மாகாணத்திலும் நடைமுறைக்கு வந்தது. மதுரைச் சீமையில் அதை ரேகைச் சட்டம் என்றே மக்கள் வழங்கினர். குற்றம் செய்யாதவனும் குறிப்பிட்ட குலத்திற் பிறந்த காரணத்தால் கைரேகை பதிக்க வேண்டும். இரவில் காவல் நிலையத்துக்குச் சென்று படுக்க வேண்டும். இதை எதிர்த்த பெருங்காமநல்லூர் மக்கள் 1920 ஏப்ரல் 3-ஆம் நாள் துப்பாக்கிக் குண்டுகளுக்கு இரையாயினர். சென்னை மாகாணத்தில் அச்சட்டம் 1947-இல் ஒழிந்தது. நாடு முழுவதும் ஒழிந்தது 1952-இல். அந்நாளில் குற்றத்தைக் குருதியில் தேடிய அறிஞர்கள் உண்டு. மண்டையோட்டையும் மூக்கின் அகலத்தையும் கருவி கொண்டு அளந்து தேடியவர்களும் உண்டு. எல்வின் அக்கருவிகளை நம்பாது, மனிதரோடு உட்கார்ந்து பேசித் தேடினார்.

அவ்வாறு தேடியதன் பயனே 1943-இல் வெளிவந்த, மரியா மக்களின் கொலையையும் தற்கொலையையும் பற்றிய நூல். எல்வின் எழுதியவற்றுள் இதைவிடப் பருமனான நூல்கள் உண்டு. இதைவிடப் புகழ் பெற்றனவும் உண்டு. என்றாலும் அவருடைய அறிவும் இரக்கமும் ஒருங்கே விளங்குவது இதிலேதான் என்பது என் கருத்து.

பஸ்தர் அன்று ஒரு சுதேச சமஸ்தானம். இன்று சத்தீஸ்கர் மாநிலத்தின் தென்பகுதி. அங்குள்ள மரியாக்களும் முரியாக்களும் கோண்டி மொழி பேசுபவர்கள். கோண்டி திராவிட மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது. கண்ணுக்கும் கைக்கும் அவர்கள் வழங்கும் சொற்கள் நம் காதுக்கு அந்நியமாக ஒலிப்பதில்லை. திருவிழாவில் காட்டெருமைக் கொம்பு சூடி ஆடும் மரியாப் பிரிவினரிடையே கொலைகள் மிகுதி என்பது சமஸ்தான அதிகாரிகள் நன்கறிந்த செய்தி. அவர்கள் கொடியவர்கள், குடிவெறியர்கள் என்று இரண்டு சொல்லில் முடித்துவிடுவது எளிது. எல்வின் அவ்வாறு முடிக்கவில்லை. நூறு கொலை வழக்குகளின் ஏடுகளை வாங்கி ஒவ்வொன்றாகப் படித்தார். அதோடு நில்லாமல் கொலை நடந்த ஊர்களுக்குச் சென்றார். கொன்றவன் வீட்டாரையும் மாண்டவன் வீட்டாரையும் கண்டார். ஜகதல்பூர்ச் சிறையில் இருந்தவர்களோடு பேசினார்.

அவர் கண்டவை யாவை? பல வழக்குகளில் மாண்டவர் கொன்றவனுக்கு உற்றாரே. மனைவி, தமையன், மாமன், பக்கத்து வீட்டார் என்று பட்டியல் நீள்கிறது. கொள்ளைக்கென்று திட்டமிட்டுக் கொன்றவர் சிலரே. பகலெல்லாம் உழைத்துப் பசியோடு வீடு திரும்பியவனுக்குக் கிடைத்த ஒரு சுடுசொல், நிலத்தைப் பற்றிய ஒரு தகராறு, மனைவியின் கற்பைப் பற்றி எழுந்த ஓர் ஐயம், திருவிழாக் கள்ளின் மயக்கம்; கைக்கெட்டிய தூரத்தில் எப்போதும் இருக்கும் கோடரி. கொலைக்குக் காரணம் பெரிதாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கும் நகரத்து நீதிபதிக்கு இவை காரணங்களாகவே தோன்றா. ஆனால் களைப்பும் ஒரு காரணம், பசியும் ஒரு காரணம், நோயும் ஒரு காரணம் என்று எல்வின் காட்டினார். தற்கொலை செய்துகொண்டோரின் வரலாறுகளையும் அவர் ஆராய்ந்தார். தீராத நோயின் வேதனை தாளாமல் உயிர் துறந்தோர் அவற்றில் உளர். சினத்தில் கொன்றுவிட்டு மறுகணமே தம்மையும் மாய்த்துக்கொண்டோரும் உளர்.

எல்லாவற்றினும் நெஞ்சை உலுக்குவன சூனியத்தைப் பற்றிய வழக்குகள். ஒரு வீட்டில் குழந்தைகள் ஒன்றன்பின் ஒன்றாகக் காய்ச்சல் கண்டு இறக்கின்றன. தந்தை பூசாரியிடம் குறி கேட்கிறான். இன்னார் வைத்த சூனியம் என்று விடை வருகிறது. எஞ்சிய குழந்தையைக் காப்பாற்ற அவன் கோடரியை எடுக்கிறான். அவன் கண்ணில் இது கொலையாகாது, தற்காப்பு. சட்டத்தின் கண்ணில் இது கொலையே, வேறன்று. இவ்விரண்டுக்கும் நடுவே நின்று எல்வின் பார்த்தார். கொன்றது நியாயம் என்று அவர் சொல்லவில்லை. மாண்டவரும் பெரும்பாலும் ஆதரவற்ற ஏழையே என்பதை அவர் மறக்கவுமில்லை. ஆனால் இக்கொலையின் வேர் எங்கே இருக்கிறது? அந்தக் காய்ச்சலில் இருக்கிறது. மருந்து எட்டாத ஊரில் நோய்க்கு மனிதமுகம் ஒன்றைத் தேடிப் பொருத்துகிறது அச்சம். ஆகவே அங்கே வைத்தியசாலை அமைப்பதும் ஒருவகையில் கொலையைத் தடுக்கும் வேலையே. போலீஸ்காரரும் வைத்தியரும் பூசாரியும் தனித்தனி உலகில் வாழ்பவர் என்று எண்ணியிருந்தவர்களுக்கு இந்நூல் ஒரு புதிய பாடம்.

மற்றொன்றும் சொல்ல வேண்டும். கொன்ற மரியா பெரும்பாலும் ஓடி ஒளிவதில்லை. தானே ஊர்த்தலைவனிடமோ காவலரிடமோ சென்று நடந்ததைக் கூறிவிடுவான். பொய் சொல்லத் தெரியாமையே அவனுக்குப் பெருந்தண்டனையாக முடிவதுண்டு. கற்றவனுக்குக் கிடைக்கும் ஐயத்தின் பயன் இவனுக்குக் கிடைப்பதில்லை. சிறையில் அவன் படும் பாட்டையும் எல்வின் தனியே ஓர் அத்தியாயத்தில் எழுதினார். மாண்டவனின் ஆவி தன்னைத் தொடரும் என்று அஞ்சுபவனுக்கு, ஆடலும் பாடலும் காடும் உறவும் இழந்து நான்கு சுவருக்குள் கிடப்பது நகரத்துக் கைதிக்கு இருப்பதைவிடப் பன்மடங்கு கொடிது.

அண்டையிலேயே வாழும் முரியாக்களிடம் கொலைகள் குறைவாயிருப்பதேன் என்ற கேள்வியையும் அவர் எழுப்பினார். முரியாச் சிறார்கள் கோட்டுல் எனப்படும் பொது இல்லத்தில் ஒருங்கே வளர்ந்து, கட்டுப்பாட்டையும் விட்டுக்கொடுத்தலையும் இளமையிலேயே பழகிக்கொள்வதே காரணம் என்பது அவர் விடை. அவ்வில்லத்தைப் பற்றி 1947-இல் தனி நூலே எழுதினார். அவ்விடையில் அவருடைய ஆசையும் கலந்திருக்கிறது என்றே தோன்றுகிறது. ஒரே ஓர் அமைப்பு ஒரு குலத்தின் சாந்தத்துக்கெல்லாம் காரணமாயிருத்தல் அரிது. தான் நேசிக்கும் மக்களைப் பற்றி எழுதுகையில் எல்வினின் பேனா சிறிது துள்ளும். அறிஞர்கள் அதை அன்றே குறிப்பிட்டனர்.

ஆக்ஸ்போர்டு 1944-இல் அவருக்கு அறிவியல் டாக்டர் பட்டம் அளித்தது. பல்கலைக்கழகத்தில் மானிடவியலை ஒருநாளும் முறையாகப் பயிலாதவர்; இந்தியாவில் பேராசிரியர் பதவி எதையும் வகியாதவர்; காட்டுக் குடிசையில் இருந்தபடியே அப்பட்டத்துக்கு உரியவரானார்.

எதிர்ப்பும் இல்லாமலில்லை. பைகாக்களுக்கென்று ஒரு பாதுகாப்பு வனப் பகுதியை ஒதுக்கி, வட்டிக்கடைக்காரரும் ஒப்பந்தக்காரரும் நுழையாதவாறு காக்க வேண்டும் என்று எல்வின் எழுதியிருந்தார். மனிதரைக் காட்சிசாலைப் பொருளாக்கப் பார்க்கிறார் என்று பலர் கொதித்தனர். பம்பாய்ப் பல்கலைக்கழகத்து ஜி. எஸ். குர்யே 1943-இல் ஒரு நூலே எழுதி, ஆதிவாசிகள் இந்து சமுதாயத்தின் பின்தங்கிய ஒரு பகுதியினரே என்று வாதாடினார். தக்கர் பாபாவும் எல்வினின் கொள்கையை ஏற்கவில்லை. இவ்வாதத்தில் ஒரு பக்கமே முழு நியாயம் இருந்ததாகச் சொல்ல முடியாது. வெளியாரால் வந்த கேட்டை எல்வின் கண்ணாரக் கண்டவர். ஆனால் வேலி போட்டு ஒரு சமுதாயத்தைக் காப்பது இயலாது என்பதைப் பின்னர் அவரே ஒப்பித் தம் கருத்தைத் திருத்திக்கொண்டார்.

1946 முதல் 1949 வரை இந்திய மானிடவியல் ஆய்வுத் துறையின் துணை இயக்குநராக இருந்தார். அக்காலத்தை ஒட்டி ஒரிஸாவின் கஞ்சம், கோராபுட் மலைகளில் வாழும் சவராக்களிடம் பலமுறை சென்று தங்கினார். இப்பகுதிகள் 1936 வரை நம் சென்னை மாகாணத்தில் இருந்தவை. பர்லாகிமிடியைச் சேர்ந்த தெலுங்கறிஞர் கிடுகு ராமமூர்த்தி பந்துலு அம்மக்களின் மொழியைக் கற்று, அதற்கு இலக்கணமும் அகராதியும் ஆக்கிய பெருமை முன்னரே உண்டு. எல்வின் அவர்களுடைய சமயத்தை எழுதினார். 1955-இல் வெளியான அந்நூலில் சமயமும் வைத்தியமும் ஒன்றாகவே காட்சி தருகின்றன. ஒருவன் நோயுற்றால் குறிசொல்லும் பூசாரிப் பெண்மணி வரவழைக்கப்படுவாள். பாதாள உலகத்துத் தெய்வ ஆணொருவனை மணந்தவளாகக் கருதப்படுபவள் அவள். ஆவேசமுற்று, எந்த முன்னோர் அல்லது எந்தத் தெய்வம் இந்நோயைத் தந்தது, அது கேட்பது யாது என்று கூறுவாள். அதன்பின் வீட்டுச் சுவரில் அரிசி மாவால் ஓவியம் வரையப்படும். அவ்வோவியமே அத்தெய்வத்துக்கு இல்லம். நம் மார்கழிக் கோலத்தை நினைவூட்டும் அவ்வெண்கோடுகளுக்கு நோய் தீர்க்கும் பொறுப்பும் உண்டு. பலியிட எருமை வாங்கிக் கடன்படும் அவலத்தையும் எல்வின் கண்டார். எனினும் நோயாளியின் அருகே இரவெல்லாம் அமர்ந்து அவன் அச்சத்தைத் தன் அச்சமாக ஏற்கும் அப்பெண்மணியிடம் அவருக்கு மிகுந்த மதிப்பு இருந்தது.

1954-இல் எல்வின் இந்தியக் குடியுரிமை பெற்றார். அவ்வாண்டே நேருவின் அரசாங்கம் அவரை வடகிழக்கு எல்லைப்புற நிருவாகத்தின் பழங்குடி நலன் ஆலோசகராக ஷில்லாங்குக்கு அழைத்துக்கொண்டது. இன்றைய அருணாசலப் பிரதேசமே அப்பகுதி. அவர் பதவியேற்பதற்குச் சில மாதங்களுக்கு முன், 1953 அக்டோபரில், அச்சிங்மோரி என்னுமிடத்தில் தாகின் குலத்தார் அரசாங்கக் குழுவொன்றைத் தாக்கி நாற்பதுக்கும் மேற்பட்டோரைக் கொன்றுவிட்டனர். ஊர்கள்மீது குண்டு வீச வேண்டும் என்ற யோசனையை நேரு மறுத்தார். குற்றம் செய்தவர்கள் பிடிக்கப்பட்டனர். மூங்கிலால் கட்டிய நீதிமன்றத்தில் வழக்கு நடந்தது. சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. பழிக்குப் பழி வாங்காத இச்செயலை எல்வின் பின்னர்த் தம் நூலில் பெருமையோடு எடுத்துரைத்தார். மரியா வழக்குகளைப் படித்தவருக்கு இதன் அருமை பிறரைவிட நன்கு தெரிந்திருக்கும் அன்றோ?

1957-இல் அவர் எழுதிய எல்லைப்புறக் கொள்கை விளக்க நூலின் மறுபதிப்புக்கு நேருவே முன்னுரை வரைந்தார். பழங்குடியினர் தம் இயல்புப்படி வளர வேண்டும். அவர்கள் நிலமும் காடும் அவர்களுக்கே உரியனவாக வேண்டும். அதிகாரிகளின் கூட்டம் அவர்கள்மேல் கவிந்துவிடக் கூடாது என்பன அதன் சாரம். மலைமக்களின் ஊர்ச்சபைகள் குற்றங்களை எவ்வாறு விசாரித்துத் தீர்க்கின்றன என்பதையும் அவர் தொகுத்தார். அது நூலாக வெளிவந்தபோது அவர் உயிரோடில்லை. 1961-இல் அரசாங்கம் அவருக்குப் பத்மபூஷண் விருது வழங்கியது.

அவருடைய இல்வாழ்க்கையைப் பற்றி ஒன்றும் கூறாமல் விடுவது நேர்மையாகாது. 1940-இல் கோண்டு குலப் பெண்ணொருத்தியை மணந்தார். வயதிலும் கல்வியிலும் இருவர்க்கும் நெடுந்தூரம். அம்மணம் 1949-இல் முறிந்தது. கைவிடப்பட்ட அம்மாது பின்னர் வறுமையில் வாழ்ந்தார். மரியாக் குடிசைகளின் கணவன் மனைவி பூசல்களை அத்தனை பரிவோடு ஆராய்ந்த ஒருவர், தம் வீட்டுப் பூசலை அப்பரிவோடு தீர்த்துக்கொள்ளவில்லை. தன்வரலாற்றிலும் அதைப் பற்றி அதிகம் பேசாது கடந்து செல்கிறார். இக்குறையை அவருடைய சிறப்புகளால் மூடிவிட முடியாது. பெங்களூரில் வாழும் வரலாற்றாசிரியர் இராமச்சந்திர குகா 1999-இல் எழுதிய எல்வின் வரலாற்றில் இவற்றையும் மறைக்காது எழுதியுள்ளார். எல்வினின் இரண்டாவது மணம் நிலைத்தது. அம்மையார் பாடன்கரைச் சேர்ந்தவர். எல்வினும் ஹிவாலேயும் கரஞ்சியாவுக்குப் பின் தங்கிப் பணியாற்றிய அதே சிற்றூர்தான் பாடன்கர். பின்னாளில் ஜன்கட் சிங் ஷியாம் என்ற ஓவியரால் கோண்டு ஓவியக் கலைக்குப் பேர்பெற்ற ஊரும் அதுவே.

முதுமை என்று சொல்ல முடியாத வயதிலேயே எல்வினின் உடல் தளர்ந்தது. காட்டுக் காய்ச்சல்களும் ஓயாத நடையும் இதயத்தை நலிவித்திருந்தன. திருச்சபையை விட்டு வந்தவரின் உள்ளம் கடைசி ஆண்டுகளில் பௌத்தத்தின்பால் சாய்ந்திருந்தது. 1964 பிப்ரவரி 22-இல், அலுவல் நிமித்தம் டில்லிக்குச் சென்றிருந்தபோது மாரடைப்பால் காலமானார். உடல் ஷில்லாங்குக்குக் கொண்டுவரப்பட்டு எரியூட்டப்பெற்றது. எழுதி முடித்து அச்சுக்கு அனுப்பியிருந்த தன்வரலாறு அவ்வாண்டிலேயே வெளிவந்தது. மறு ஆண்டு சாகித்திய அகாதெமி அந்நூலுக்குப் பரிசளித்தபோது, அதைப் பெற்றுக்கொள்ள ஆசிரியர் இல்லை.